நுகம் போட்டுப் பார்த்தவர்

என் வீட்டுக்காரரை யார்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'கேள்வி' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்களுக்குக் 'கேள்வி அண்ணா'. துறைமுகத்தை ஒட்டிய சரக்கு யார்டில் பெரிய கிரேன் ஓட்டுகிறவர். எதைப் பார்த்தாலும் இது ஏன் இப்படி என்று கேட்காமல் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, இந்த நாற்காலி எண்ணெயில் ஏறுகிறதா காற்றில் ஏறுகிறதா என்று டாக்டரைக் குடைந்தெடுத்தார். வெளியே காத்திருந்தவர்கள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கல்யாணமான புதிதில், நான் சோபா உறை தைக்கிற மெஷினைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிவிட்டு, ஒரு திருகு மிச்சம் என்று பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினார். அந்தத் திருகு இல்லாமலேதான் மெஷின் இன்றுவரை ஓடுகிறது, அது வேறு கதை.

முதலில் அந்த கிரேனுக்குத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற ஆளாகத்தான் யார்டுக்குப் போனார். சுரண்ட மேலே ஏறும்போதெல்லாம் கேபினுக்குள் எட்டிப் பார்த்து, இந்தப் பிடி எதுக்கு, அந்த விளக்கு எதுக்கு என்று ஓட்டுகிறவரின் உயிரை எடுத்திருக்கிறார். தொல்லை தாங்காமல் அவர்களே இவரைப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்களாம். அன்று ஏறியவர்தான். கேபினில் உட்கார்ந்துவிட்டால் மூட்டுவலி தெரியாது, பசி தெரியாது, நான் போன் செய்தால் மணி அடிப்பதும் தெரியாது. எங்கள் வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வருகிற சம்பளம் அது ஒன்றுதான். நான் சொல்லப்போவது நடந்தபோது மகள் கல்லூரியில் கடைசி வருஷம்.

கிரேன் வேலையில் ஒரு சங்கதி உண்டு. மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. அதனால் கீழே சிக்னல்காரர் ஒருவர் நின்று கையால் காட்டுவார்: தூக்கு, இறக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவர் ஒருவருடைய கைக்குத்தான் கட்டுப்பட வேண்டும். முதலாளியே வந்து வேறு எதையாவது காட்டினாலும் கண்டுகொள்ளக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு. இரண்டு கைகளையும் விரித்து 'நிறுத்து' என்று யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். காட்டுகிறவர் பெருக்குகிறவராக இருந்தாலும் சரி, வழி தவறி உள்ளே வந்தவராக இருந்தாலும் சரி. முதலில் நிறுத்து, அப்புறம் ஏன் என்று கேள். ஏன் என்று கேட்காமல் என் வீட்டுக்காரர் செய்கிற காரியம் உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்த யார்டு கைமாறியது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து யார்டுக்காரர்களே வாங்கிவிட்டார்கள். வருஷக்கணக்காக எங்கள் ஆட்கள் வாய்க்கு வந்தபடி கேலி பேசிய யார்டு அது. இப்போது அவர்களே முதலாளி என்றதும் எல்லோர் முகமும் சுருங்கிப்போனது. புது மேனேஜர் வந்தார். வந்தவர் தன் மனைவியின் தம்பியையும் கூடவே கொண்டுவந்து சிக்னல்காரராக நிறுத்தினார். ஒரே நாளில் அவருக்கு 'மச்சினர்' என்று பெயர் விழுந்தது. பழைய சிக்னல்காரரைச் சரக்குக்குக் கயிறு கட்டுகிற வேலைக்கு இறக்கிவிட்டார்கள். அவருக்குப் பெயரே 'கயிறு'. அந்த வேலையில் ஆரம்பித்து மேலே வந்தவர். என் வீட்டுக்காரருக்கு உயிர்ச் சிநேகிதர்.

"இவன் கையைக் காட்டினா சிக்னல் காட்டறானா கொசு விரட்டறானான்னே தெரியல, தங்கச்சி" என்று எங்கள் வீட்டுக் கதவருகே உட்கார்ந்து புலம்புவார் கயிறு.

சரி, நடந்ததற்கு வருகிறேன். புதுக் கம்பெனிக்கு வந்த முதல் பெரிய சரக்கு ஒரு இயந்திரம். இவர் மெதுவாக இறக்கிக்கொண்டிருக்கிறார். மச்சினர் இறக்கு, இறக்கு என்று காட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு முதுகுப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த பெண், துடைப்பத்தைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்து ஆட்டியிருக்கிறாள். எல்லோருடைய கண்ணும் சரக்கின் மேல் இருந்ததால் அவளை யாரும் பார்க்கவில்லை. மேலே இருந்து இவர் பார்த்தார். சடாரென்று நிறுத்தினார். நிறுத்திய வேகத்தில் சரக்கு ஊஞ்சலாடிப் பக்கத்து இரும்புத் தூணில் மோதி, இயந்திரத்தின் ஒரு பக்கம் அப்பளமாக நசுங்கிவிட்டது.

சரக்குக்கு அடியில் யாரும் இல்லை. பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் சாய்ந்து கிடந்தது. யாரோ கழுவிக் காயவைத்தது. யாரோ மயங்கி விழுந்து கிடக்கிறார், அவருடைய கால்தான் தெரிகிறது என்று அவள் நினைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து அவளே சொன்னாள்.

"அக்கா, சத்தியமா ஆள் கிடக்கறதா நினைச்சேன். பதறிப்போய்க் கையை ஆட்டிட்டேன். என்னால அண்ணன் வேலைக்கு ஆபத்து வந்துடுச்சே."

எனக்கு வந்ததே கோபம்! "பூட்ஸுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" என்று கத்தினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒப்பந்தக்காரர் மூலமாக வேலைக்கு வந்தவள். நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது, அவ்வளவுதான் அவள் வேலை.

இவரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா. அந்த பூட்ஸ் எந்தப் பக்கமா சாஞ்சு கிடந்துச்சு? நீங்க நின்ன இடத்துலேர்ந்து ரெண்டுமே தெரிஞ்சுதா, ஒண்ணுதானா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாளே இவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. மேனேஜர் சொன்னது இதுதான்: சிக்னல்காரர் நிறுத்தச் சொல்லவில்லை. வேறு யாராவது கை காட்டியிருந்தால் ஆள் யார் என்று சொல். சொன்னால் உன் மேல் தப்பில்லை. சொல்லாவிட்டால், புது நிர்வாகம் பிடிக்காமல் நீ வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்வோம், வேலையை மறந்துவிடு. நசுங்கிய இயந்திரத்துக்கு அவர்களுக்கு ஒரு தலை வேண்டும். அது இவருடைய தலையா, பெருக்குகிறவள் தலையா என்பதுதான் பாக்கி. அவள் தலைதான் என்று நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இந்த லட்சணத்தில் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் பேசுகிற முறை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வாத்தியார் வீட்டு மாடியில் ஏழெட்டுக் குடும்பங்கள் கூடுவோம். வேதாகமத்தை அதிகாரம் அதிகாரமாக வரிசையில் வாசிப்போம். யார் முறையோ அவர்கள் அந்த அதிகாரத்தைப் பற்றிப் பேச வேண்டும். நல்லது வந்தாலும் மாற்றக் கூடாது, கஷ்டமானது வந்தாலும் தள்ளக் கூடாது. எங்கள் முறை வரும்போதெல்லாம் இவர் அவரைப் பெற்றார், அவர் இன்னொருவரைப் பெற்றார் என்கிற அதிகாரமாகவே வந்து தொலைக்கும். இந்தத் தடவை வந்தது எரேமியா இருபத்தேழு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரேமியா தீர்க்கதரிசி மாட்டுக்குப் பூட்டுகிற நுகத்தைச் செய்து தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு ராஜா முன்னால் போய் நிற்கிறார். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எல்லோரையும் ஆள வருகிறான். அவனுக்கு அடங்கிப் போங்கள், இது கடவுள் எடுத்த முடிவு, எதிர்த்தால் அழிவீர்கள் என்கிறார். எதிரி ராஜாவுக்கு அடங்கிப் போ என்று கடவுளே சொல்கிறாராம்! வாசித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருக்கோ கண் இரண்டும் பளபளத்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் எரேமியாதான். வேலை போகப்போகிறதே என்று நான் புலம்பிக்கொண்டிருக்கிறேன், இவர் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "அங்க வந்திருந்த அஞ்சு தேசத்துத் தூதர்கள் கையிலயும் ஆளுக்கொரு நுகம் கொடுத்து அனுப்பச் சொல்றார். அதை அவங்க ஊர் வரைக்கும் தூக்கிட்டுப் போயிருப்பாங்களா? வழியில கடாசியிருப்பாங்களா?" என்கிறார்.

"விறகாக்கியிருப்பாங்க. சாப்பிடுங்க."

"விளையாட்டில்ல. உண்மையாவே அந்த மரம் என்ன ஆயிருக்கும்?"

ஒரு நாள் தைத்த சோபா உறைகளைக் கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன், நடுக்கூடத்தில் நிற்கிறார். ஒட்டடைக் கம்பைக் கழுத்துக்குப் பின்னால் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் தண்ணீர் வாளியைக் கட்டி, கழுத்தோடு சேர்த்துத் துணி சுற்றியிருந்தார். மகள் சுவரோரமாக ஒதுங்கி நின்று, "அம்மா, அப்பா டிவியை இடிக்கப் பார்த்தார்" என்று சிரிக்கிறாள்.

"என்னங்க இது கூத்து?"

"இதைப் போட்டுட்டு வாசக்கதவுக்குள்ள எப்படிப் போறதுன்னு பாத்தேன். பக்கவாட்டுலதான் போக முடியுது. அரண்மனைக் கதவு பெருசு, சரி. வீட்டுக்கு வந்தா? தூங்கும்போது கழட்டி வச்சிருப்பாரா? மாசக்கணக்குல இதோட நடந்திருக்கார், தெருவுல பசங்க சும்மா விட்டிருப்பாங்களா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா உங்களையும் சும்மா விடமாட்டாங்க. கழட்டுங்க முதல்ல."

நான் வாளியை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு வந்துவிட்டார். கம்போடு நின்றவரைப் பார்த்துக்கொண்டே தான் சொல்ல வந்ததைப் படபடவென்று சொன்னார்.

"நான் சொல்றதைக் கேளு. பழைய முதலாளி கேஸ் போட்டிருக்கார். ரெண்டே மாசம். யார்டு திரும்ப நம்ம கைக்கு வந்துடும். மேனேஜரும் மச்சினரும் மூட்டையைக் கட்டிடுவாங்க. நீ திங்கக்கிழமை விசாரணைக்கே போகாதே. நாங்க எல்லாரும் வேலையை நிறுத்திட்டு உன்கூட உக்காரறோம். எவனுக்கும் குனிய வேண்டாம்."

என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இவரும், "அப்படியே நடக்கட்டும்டா. நடந்தா என்னைவிட சந்தோஷப்படறவன் யாரு இருக்கா?" என்றார்.

"அப்புறம் எதுக்கு இந்த வேஷம்?" என்று கயிறு எரிச்சலோடு அந்தக் கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்து மூலையில் வீசினார். பழைய கம்பு, படக்கென்று போயிற்று.

இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "டேய்! அனனியா செஞ்சது இதேதான்டா!"

"யாருடா அனனியா? எந்த ஷிப்ட்டு?"

மகள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவர் கயிற்றைப் பிடித்து உட்காரவைத்து அடுத்த அதிகாரத்தை விளக்கினார். அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறிந்துவிடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று கடவுள் சொன்னதாக ஜனங்கள் முன்னால் அறிவிக்கிறான். எரேமியா கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்துப் போடுகிறான். அதற்கு எரேமியா, ஆமென், அப்படியே ஆகட்டும் என்கிறார். நுகத்தை உடைத்ததும் எதுவும் பேசாமல் போய்விடுகிறார்.

"ஏன்டா பேசாமப் போனார்? அந்த நிமிஷத்துல அவருக்கே சந்தேகம் வந்துடுச்சா? இல்ல, இவன் சொல்றது நடந்தா நல்லாத்தான் இருக்கும்னு நிஜமாவே ஆசைப்பட்டாரா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் கேஸைப் பத்திச் சொல்ல வந்தேன்" என்றார் கயிறு பரிதாபமாக.

அவர் போன பிறகும் இவர் விடவில்லை. நான் வெங்காயம் நறுக்குகிற இடத்துக்கே புத்தகத்தோடு வந்துவிட்டார். எந்த அதிகாரத்தையும் முன்னும் பின்னும் வாசிக்காமல் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"முந்தின அதிகாரத்துல உரியான்னு ஒருத்தர் வர்றார். எரேமியா சொன்னதையேதான் அவரும் சொன்னார். அப்போ இருந்த ராஜா கொல்லப் பாத்தான். எகிப்துக்கு ஓடிட்டார். அங்க ஆள் அனுப்பிப் பிடிச்சுட்டு வந்து வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ஊருல எத்தனை பேரு வாயைத் திறந்திருப்பாங்கன்னு நினைக்கிறே?"

"நீங்க திங்கக்கிழமை வாயைத் திறப்பீங்களா, அதைச் சொல்லுங்க. அவ பேரைச் சொல்லுவீங்களா மாட்டீங்களா?"

என் கையிலிருந்து கத்தியை வாங்கினார். வெங்காயத்தை எடுத்து இரண்டு நறுக்கு நறுக்கிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாடியில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். இவர் எழுந்து நின்றதும், "இந்த அதிகாரம் எனக்குப் பாதி புரியல. புரியாததையும் சொல்லிடறேன், யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். இதைவிட நல்ல ஆரம்பம் உலகத்தில் இருக்குமா என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்கள் கூட்டத்துப் பேக்கரிக்காரர் பட்டென்று சொன்னார்: "இதுல புரியாம என்ன இருக்கு? மேல இருக்கறவங்களுக்கு அடங்கி நடன்னு சொல்லுது. அவ்வளவுதானே?"

"அப்படித்தான் நானும் முதல்ல நினைச்சேன். ஆனா எரேமியாவோட சொந்த ராஜா சிதேக்கியா எதிர்ல உக்காந்திருக்கார். அவருக்குப் பிடிச்சதைப் பேசல இவர். பிடிக்காததைத்தான் மூஞ்சிக்கு நேராச் சொல்றார். அடங்கிப் போன்னு சொல்ற ஆளே அடங்கலையே, அது எப்படி?"

பேக்கரிக்காரர் தாடையைச் சொறிந்தார். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். "நீங்க ஏழாவது வசனத்தைத் திரும்பப் பாருங்க. பாபிலோனுக்கும் ஒரு காலம் வரும், அவனையும் மத்தவங்க அடிமையாக்குவாங்கன்னு அங்கயே இருக்கு. அவன் நல்லவன்னு கடவுள் எங்கயும் சொல்லல. அவன் கையில கொஞ்ச நாள் கொடுத்திருக்கேன்னு சொல்றார். எனக்குத் தோணறது என்னன்னா, இது எப்பவும் எல்லாருக்கும் போட்ட சட்டமில்ல. அந்த ஜனங்க மேல வந்த ஒரு தீர்ப்பு."

இவர் அப்படியே பூரித்துப்போனார். "அது சரி! அது சரி! நான் அதைத் தாண்டிப் போயிட்டேன், ஐயா. இப்போ ஒண்ணு புரியுது. தூக்கின சரக்கு ஆட ஆரம்பிச்சுட்டா எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது. இழுத்தா இன்னும் ஆடும், கிரேனே சாயும். அது போற பக்கமே கூடக் கொஞ்சம் போகணும். அப்பத்தான் அடங்கும். ஆட விட்டது நம்ம தப்பு. ஆடின பிறகு வீம்பு பண்ணக் கூடாது. எரேமியாவும் எத்தனையோ வருஷமா நிறுத்து நிறுத்துன்னு அந்த ஜனங்களுக்குச் சொல்லிப் பாத்தார். கேக்கல. இப்போ கூடப் போனாத்தான் உயிரோட இருக்கலாம்னு சொல்றார்."

யார்டுக்காரர் பேச்சு என்றாலும் எல்லோருக்கும் புரிந்தது. வாத்தியாரே அதைப் புத்தக ஓரத்தில் குறித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"எனக்கு இன்னும் புரியாத கேள்வி இதான். எரேமியாவும் கடவுள் சொன்னார்ங்கறார், அடுத்த அதிகாரத்துல வர்ற அனனியாவும் கடவுள் சொன்னார்ங்கறார். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கறாங்க. அனனியா பொய் சொன்னான்னு நமக்குத் தெரியும், ஏன்னா நாம கடைசி வரைக்கும் வாசிச்சுட்டோம். அன்னைக்கு அங்க நின்னவங்களுக்கு எப்படித் தெரியும்? யாரை நம்பறது?"

பேக்கரிக்காரர், "நடந்தாத்தான் தெரியும்" என்றார்.

"நடந்த பிறகு தெரிஞ்சு என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் கண்ணுக்குப் படுது. அனனியா கழுத்துல ஒண்ணும் இல்ல. அவன் அடுத்தவன் கழுத்துல இருந்ததை எடுத்து உடைச்சான். குனியச் சொன்ன எரேமியா நுகத்தைத் தன் கழுத்துல முதல்ல மாட்டிக்கிட்டு வந்து சொன்னார். அது போதுமான்னு தெரியல. நான் அங்க நின்னிருந்தா அதை வச்சுத்தான் நம்பியிருப்பேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் நல்ல விளக்கம் என்று தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. இந்த மனிதர் தண்டனையைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொள்வாரே தவிர, திங்கட்கிழமை அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்கு வரும்போது அவரைத் தாண்டி வேகமாக முன்னால் நடந்தேன். அவர் வழியில் எதையோ கேட்டார், காதில் வாங்கவே இல்லை.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். வர வேண்டாம் என்றார், வருவேன் என்றேன். கயிற்றின் ஆட்கள் வாசலில் கூடி நின்று, உள்ளே போகாதே என்று தடுத்தார்கள். இவர் கயிற்றின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அலுவலகத்தில் விசாரணை அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தேன். அறைக்கதவின் மேல் பக்கத்துக் கண்ணாடி உடைந்திருந்ததால் உள்ளே பேசுவது அப்படியே கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள், அந்தப் பெருக்குகிற பெண். யூனிஃபார்ம் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நான் உள்ள போய்ச் சொல்லிடறேங்கா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் இஷ்டம்" என்றேன். போ என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. போனால் இவர் வேலை தப்பும். நான் சொல்லவும் வேண்டாம், அவளாகவே போகிறாள். இதைவிட என்ன வேண்டும்?

உள்ளே மேனேஜரின் குரல்: "கடைசியாக் கேக்கறேன். கை காட்டினது யாரு?"

"கை தெரிஞ்சுது சார். நிறுத்தினேன். அவ்வளவு வேகமா நிறுத்தினது என் தப்பு. கொஞ்சம் நிதானமா நிறுத்தியிருந்தா ஆடியிருக்காது. அதுக்கு நீங்க என்ன தண்டனை கொடுத்தாலும் ஏத்துக்கறேன். எதிர்த்து வழக்காட மாட்டேன். கீழ இறக்கினாலும் சரி, மச்சி… உங்க சிக்னல்காரருக்குக் கீழ வேலை செய்யச் சொன்னாலும் சரி."

"பேரைச் சொன்னா உனக்கு ஒரு தண்டனையும் இல்லையே. அந்த ஆளும் தப்பாத்தானே காட்டியிருக்கான்?"

"தப்பாக் காட்டினதுதான் சார். அதனாலதான் சொல்ல மாட்டேன். சரியாக் காட்டினவனை எல்லாரும் தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்க. தப்பாக் காட்டினவனை இன்னைக்கு நான் காட்டிக் கொடுத்தா, நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் சரக்குக்கு அடியில கிடக்கும்போது, பாத்தவன் நமக்கெதுக்கு வம்புன்னு கையைக் கட்டிட்டு நிப்பான். எனக்கு மேலேர்ந்து கீழ தெரியாது சார். அந்தக் கைகளை நம்பித்தான் நான் இறக்கறேன்."

வெங்காயம் நறுக்கும்போது அவர் சொன்ன உரியா அப்போதுதான் என் மண்டையில் ஏறினான். எகிப்து வரை ஆள் அனுப்பிப் பிடித்துவந்து அவனை வெட்டியபோதே அந்த ஊருக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நிறுத்து என்று சொல்ல ஆளில்லாமல் போன ஊர் அது. பாபிலோன்காரன் அதற்குப் பிறகு சாவகாசமாக வந்திருக்கிறான்.

பக்கத்தில் அவள் எழுந்துவிட்டாள். கதவைத் தள்ளக் கையை நீட்டினாள். நான் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உக்காருடி."

"அக்கா, அண்ணன் வேலை…"

"அவர் வேலையை அவர் பாத்துக்குவார். நீ வாயைத் திறந்தா நானே உன்னை அடிப்பேன்." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் கையை விடவில்லை.

உள்ளே ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு தீர்ப்பைச் சொன்னார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை. கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஒரு வருஷம் தரை வேலை, மச்சினருக்கு உதவியாளாக. அதற்கேற்ற குறைந்த சம்பளம். அதற்குப் பிறகு மேலே ஏற்றுவதா என்று அப்போது பார்ப்பார்களாம். என் தையலும் அதுவும் சேர்ந்தால் மகளின் படிப்பு எப்படியோ ஓடிவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. அந்த மூட்டுவலியோடு வெயிலில் எப்படி நிற்பார் என்று அதே மனம் அடித்துக்கொண்டது.

கதவைத் திறந்து வெளியே வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார், பிடித்திருந்த கையையும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. அவரை எனக்குத் தெரிந்த நாளிலிருந்து கேள்வி இல்லாமல் நின்ற முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அவள் எழுந்து அவர் முன்னால் கும்பிட்டாள். "அண்ணா, இனிமே தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பெருக்கிட்டுப் போயிடறேன். எந்தப் பக்கமும் பாக்க மாட்டேன். என்னால இன்னொரு தடவை யாருக்கும் இப்படி வராது."

அந்த வாரம் முழுக்க, நான் கத்தியபோதும், கயிறு கம்பை உடைத்தபோதும், வேலைக்கு வராதே என்று அனுப்பியபோதும் கோபப்படாத மனிதர், அப்போது கோபப்பட்டார். குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"அதுக்கா நான் கீழ இறங்கினேன்? நாளைக்கு நான் தரையில நிப்பேன். சரக்கு என் தலைக்கு மேலயும் போகும். நீங்க குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவீங்களா?"

அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். நான் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"நிமிர்ந்தே நடம்மா. எதையாவது பாத்தா ரெண்டு கையையும் நல்லாத் தூக்கு. என் வீட்டுக்காரர் கீழதான் நிக்கறார்" என்றேன்.